எலெக்ட்ரிக் ஏரோபாட்டிக் விமானத்துக்கு இஎஸ்சி தேர்ந்தெடுப்பது எப்படி: பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் பறக்க விடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி என்று கேரள, தமிழக எல்லையின் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்களில் மாடல் விமானம் விடுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணா, மோட்டார்ல 40 ஆம்பியர்னு போட்டிருக்கு. 40 ஆம்பியர் இஎஸ்சி வாங்கினா போதுங்களா?"

பயிற்சி விமானத்துக்கு ஒருவேளை போதும். ஏரோபாட்டிக் விமானத்துக்கு, அதுவும் மூக்கை வானம் பார்க்க நிறுத்தி ஹோவர் செய்யும் 3டி விமானத்துக்கு, போதாது. இஎஸ்சி எனப்படும், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருந்து மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலருக்கு மிகக் கடினமான நேரம் முழு த்ராட்டிலில் நேராகப் பறக்கும்போது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்போது காற்றாவது உள்ளே புகுந்து அதைக் குளிர்விக்கிறது. பாதி த்ராட்டிலில் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டு, இறக்கை, வால் பரப்புகளை அசைக்கும் நான்கு சர்வோவும் துடித்துக்கொண்டு, வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் உண்மையான சோதனை. அந்த நிமிடத்தை மனதில் வைத்து இஎஸ்சி-யைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவது.

படி 1: எடையிலிருந்து தொடங்குங்கள்

கடைப் பக்கத்தைத் திறக்கும் முன் விமானத்தின் மொத்த எடையைக் கணக்கிடுங்கள். பேட்டரி, சர்வோ, சிக்னலை வாங்கும் ரிசீவர் எல்லாம் சேர்த்துத்தான். சாதாரண ஏரோபாட்டிக்ஸுக்கு, அதாவது லூப், ரோல், ஸ்டால் டர்ன் வரைக்கும், ஒரு கிலோவுக்கு 250 முதல் 330 வாட் வேண்டும். 3டி செய்ய 350 முதல் 450 வாட்.

1.2 கிலோ எடையுள்ள ஃபோம் 3டி விமானம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 400 வாட் என்றால் 480 வாட். இந்த எண்ணை வைத்தே கடைசி வரை போவோம்.

படி 2: ஆம்பியரை லேபிளில் தேடாதீர்கள், அளந்து பாருங்கள்

மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர், அந்த மோட்டார் சில விநாடிகள் தாங்கக்கூடிய உச்சம். அது உண்மையில் எவ்வளவு இழுக்கும் என்பதை முடிவு செய்வது பேட்டரியின் வோல்டேஜும் ப்ராப் எனப்படும் ப்ரொப்பெல்லரும். அதே மோட்டார், அதே ப்ராப், பேட்டரி மட்டும் மூன்று செல் கொண்ட 3எஸ்-ஸிலிருந்து நான்கு செல் கொண்ட 4எஸ் என்று மாற்றினால் ஆம்பியர் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறும். ப்ராப் விட்டம் 12 அங்குலத்திலிருந்து 13 ஆனாலும் அப்படித்தான். அதே சுழற்சி வேகத்தில் தேவைப்படும் சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி ஏறுவதால், ஒரே ஓர் அங்குலத்துக்கு 35 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும்.

நம் 480 வாட் கணக்கைப் பாருங்கள். 3எஸ் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு சுமையில் ஏறத்தாழ 10.8 வோல்ட்டுக்கு இறங்கும். அப்போது 44 ஆம்பியர். 4எஸ் என்றால் 14.4 வோல்ட், 33 ஆம்பியர். வேலை ஒன்றுதான், ஆம்பியர் கால் பங்கு குறைகிறது. ஆம்பியர் குறைந்தால் வயரிலும், இஎஸ்சி-க்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டிலும் சூடு குறையும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட 3டி விமானத்துக்கு 4எஸ்-ஸே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கேற்ற குறைந்த கேவி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற எண்) மோட்டாரைச் சேர்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. முடிவான எண் வாட்மீட்டரில்தான் கிடைக்கும். பேட்டரிக்கும் இஎஸ்சி-க்கும் நடுவே அதை மாட்டி, புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு, விமானத்தை ஒருவர் பின்பக்கமிருந்து இறுகப் பிடித்துக்கொள்ள, ஐந்து விநாடி மட்டும் முழு த்ராட்டில் கொடுங்கள். ப்ராப் சுழலும் தளத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இஎஸ்சி இன்னும் வாங்கவில்லை என்றால் நண்பரின் பெரிய இஎஸ்சி-யைக் கடன் வாங்கி அளக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் மோட்டார் தயாரிப்பாளர் தரும் ப்ராப் அட்டவணையைப் பாருங்கள். கிளாம்ப் மீட்டர் வைத்து அளப்பதாக இருந்தால் அது டிசி அளக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். வீட்டு ஒயரிங் வேலைக்கு எலெக்ட்ரீஷியன் கொண்டுவரும் மலிவு ரகங்கள் பல ஏசி மட்டுமே காட்டும்.

படி 3: எவ்வளவு கூடுதலாக வைப்பது

வழக்கமாகச் சொல்லும் கணக்கு, அளந்த ஆம்பியரோடு 20, 25 சதவீதம் சேர்ப்பது. நம் பக்கத்து 3டி விமானத்துக்கு அரை பங்கு சேருங்கள். 33 ஆம்பியர் அளந்தால் ஒன்றரை மடங்கு 50. கடையில் கிடைப்பது 50 அல்லது 60, ஆக 60 வாங்குங்கள். 40-க்கும் 60-க்கும் எடை வித்தியாசம் 20, 30 கிராம்தான். 1.2 கிலோ விமானத்தில் அது தெரியவே தெரியாது.

இவ்வளவு கூடுதல் ஏன் என்றால், முதல் காரணம் வெயில். பெரும்பாலான இஎஸ்சி-கள் 100 முதல் 110 டிகிரியில் தம்மைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைத்துவிடும். 105 என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஊரில் அந்த இஎஸ்சி 80 டிகிரி சூடேறலாம். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும்போது, வெயிலில் நின்ற விமானத்தின் மூக்குக்குள் 50 டிகிரி சுலபமாக இருக்கும். மிச்சம் இருப்பது 55 டிகிரி. லேபிளில் உள்ள எண் நல்ல காற்றோட்டத்தை நம்பிப் போட்டது. நம் ஊர் வெயிலில் அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நான் நம்புவேன்.

இரண்டாவது காரணம் பாதி த்ராட்டில். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இது வியப்பாக இருக்கிறது. ஹோவர் செய்யும்போது பேட்டரியிலிருந்து 18 ஆம்பியர் போகிறது என்று வாட்மீட்டர் காட்டும். ஆனால் இஎஸ்சி வோல்டேஜைத் தொடர்ச்சியாகக் கொடுப்பதில்லை, விட்டு விட்டுத்தான் கொடுக்கிறது. மொத்த நேரத்தில் 60 சதவீதம் திறந்து, 40 சதவீதம் மூடி இருக்கிறது என்றால், மோட்டார் சுருளில் ஓடும் மின்னோட்டம் 18 அல்ல, 30 ஆம்பியர். மூடியிருக்கும் அந்த 40 சதவீத நேரத்திலும் சுருளில் மின்னோட்டம் நிற்காது, வேறு வழியாகச் சுற்றி வரும். பழைய வகை இஎஸ்சி-யில் அது மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடு வழியாகச் சுற்றும். டயோடில் 0.8 வோல்ட் விழுந்தால் 0.8 × 30 × 0.4, ஏறத்தாழ 9.6 வாட் வெறும் சூடாகப் போகிறது. புதிய இஎஸ்சி-களில் அந்த நேரத்தில் மாஸ்ஃபெட்டையே திறந்துவிடுகிறார்கள். அப்போது இழப்பு ஒரு வாட்டுக்கும் கீழே.

இதற்கு ஆக்டிவ் ஃப்ரீவீலிங் என்று பெயர். ஹாபிவிங் இதை டிஇஓ என்கிறது. ஏரோபாட்டிக் விமானத்துக்கு இது கட்டாயம் என்பது என் கருத்து. சூடு குறைவதோடு, த்ராட்டிலை இழுத்தவுடன் ப்ராப்பும் உடனே வேகம் குறைந்து கைக்கு அடங்கும். மேலிருந்து நேராகக் கீழே இறங்கும் கோடுகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

"10 விநாடிக்கு 80 ஆம்பியர்" என்று எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள். தொடர்ந்து தாங்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெயர் தெரியாத மலிவு இஎஸ்சி என்றால் எடையையும் வயரையும் பாருங்கள். 60 என்று எழுதி 16 கேஜ் வயர் மாட்டியிருந்தால் அது 60 இல்லை. 12 அல்லது 14 கேஜ் இருக்க வேண்டும். சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடு இருக்கிறதா என்று சுருங்கு உறையின் மேல் விரலால் அழுத்திப் பாருங்கள்.

வோல்டேஜில் மட்டும் சலுகையே கிடையாது. 4எஸ் முழுச் சார்ஜில் 16.8 வோல்ட், 6எஸ் 25.2. லைஹெச்வி வகை ஒரு செல்லுக்கு 4.35 வரை போகும் என்பதால், தயாரிப்பாளர் தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டுமே அதை மாட்டுங்கள்.

படி 4: பெக் பற்றி அதிகம் யோசியுங்கள்

விமானம் விழுவதற்கு மோட்டார் பக்கத்தைவிட இந்தப் பக்கம்தான் அதிகக் காரணம். இஎஸ்சி-க்குள் இருக்கும் பெக் என்ற சிறு சுற்றுதான் பேட்டரி வோல்டேஜை 5 அல்லது 6 வோல்ட்டாக்கி ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கொடுக்கிறது. அது சோர்ந்தால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி எழும். அந்த ஒரு கணம் உங்கள் கையில் எதுவும் இல்லை.

எங்கள் வயலில் ஒருவரின் விமானம் ஹோவரில் நின்றபடி ரடரையும் எலிவேட்டரையும் வேகமாக அசைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று எல்லாச் சர்வோவும் நட்டநடுவே உறைந்தன, மோட்டார் நின்றது, விமானம் வரப்போரத் தென்னையின் மட்டைகளுக்கு நடுவே போய்ச் செருகியது. ஏறி இறக்கியபோது இஎஸ்சி-யில் கருகல் இல்லை, மோட்டாரும் நன்றாக ஓடியது. 3எஸ்-ஸில் நன்றாக இருந்த அதே விமானத்துக்கு அன்றைக்குத்தான் 4எஸ் மாட்டியிருந்தார். உள்ளே இருந்தது லீனியர் பெக்.

லீனியர் பெக் மிச்ச வோல்டேஜை அப்படியே சூடாக எரிக்கும். 4எஸ் முழுச் சார்ஜில் 16.8, அதில் 5 போக மிச்சம் 11.8. சர்வோக்கள் 2 ஆம்பியர் கேட்டால் 23.6 வாட். நாம் வயர் ஒட்டும் 25 வாட் சால்டரிங் அயர்னை அந்தச் சின்னப் பலகைக்குள் வைத்தது போல. 2எஸ், 3எஸ்-ஸில், மூன்று நான்கு சிறு சர்வோக்களோடு மட்டும் லீனியர் பெக் சரி. 4எஸ் என்றால் ஸ்விட்சிங் பெக்தான். பெட்டியில் எஸ்பெக் அல்லது யூபெக் என்று போட்டிருக்கும்.

எத்தனை ஆம்பியர் பெக் வேண்டும்? 9 கிராம் சர்வோ ஒன்று அடைபட்டு நின்றால் முக்கால் ஆம்பியர் வரை இழுக்கும். 17, 20 கிராம் மெட்டல் கியர் டிஜிட்டல் சர்வோ என்றால் ஒன்றரை, இரண்டு. 3டி விமானத்தின் அகலமான பரப்புகள் 45 டிகிரிக்கும் மேல் திரும்பும்போது சர்வோக்கள் அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் போகும். நம் 1.2 கிலோ விமானத்தின் நான்கு சர்வோவுக்கு 5 ஆம்பியர் தொடர்ந்து தரும் ஸ்விட்சிங் பெக் போதும். அதற்கு மேலான விமானத்துக்கு 8 ஆம்பியர் பாருங்கள்.

பெக் வோல்டேஜை மாற்றும் வசதி இருந்தால் கவனம் தேவை. 7.4 அல்லது 8.4 வோல்ட் தாங்கும் சர்வோ இல்லாமல் அந்த எண்ணை வைத்தால் எல்லாச் சர்வோவும் ஒரே நேரத்தில் போய்விடும். சர்வோவின் பெட்டியைப் பார்க்காமல் 6 வோல்ட்டுக்கு மேல் போகாதீர்கள்.

தனி பெக் அல்லது தனி ரிசீவர் பேட்டரி போடுவதானால், இஎஸ்சி-யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயரில் நடுவிலுள்ள சிவப்பை மட்டும் கனெக்டரிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு மின்வழிகள் ஒன்றோடொன்று மோதக் கூடாது. 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் இறக்கை அகலமும் உள்ள எஃப்3ஏ போட்டி விமானங்கள் பெரும்பாலும் 10எஸ்-ஸில் பறப்பவை. அவற்றில் பெக் இல்லாத ஆப்டோ வகை இஎஸ்சி-யும் தனி ரிசீவர் பேட்டரியும்தான் வழக்கம்.

படி 5: வாங்கும்போது

பறக்கும் குழுவில் ஏற்கெனவே பலரும் வைத்திருக்கும் வகையையே வாங்குவது நல்லது. செட்டிங் மாற்றும் புரோகிராம் கார்டு பொதுவாக இருக்கும், கோளாறு வந்தால் கேட்க ஆள் இருக்கும். நம் அளவு விமானங்களுக்கு ஹாபிவிங்கின் ஸ்கைவாக்கர், ஃப்ளைஃபன் வரிசைகள் இங்கே பரவலாகக் கிடைக்கின்றன. பெரிய விமானங்களுக்கு காசில் கிரியேஷன்ஸ், ஒய்ஜிஇ, கான்ட்ரோனிக் என்று போகலாம், விலையும் அதற்கேற்ப ஏறும்.

ட்ரோனுக்கான சிறு இஎஸ்சி-களை விலை பார்த்து வாங்க வேண்டாம். பலவற்றில் பெக் கிடையாது, சூட்டை இழுக்கும் தகடும் கிடையாது. ட்ரோன் ப்ராப்களின் காற்றிலேயே நிற்பதற்காகச் செய்தவை அவை.

படி 6: வயர், இணைப்பு, இடம்

பேட்டரிப் பக்க வயரை நீட்டாதீர்கள். நீட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் மோட்டார் பக்கத்து மூன்று வயர்களை நீட்டுங்கள். இஎஸ்சி ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்னோட்டத்தைத் திறந்து மூடும்போது, பேட்டரி வயர் நீளமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் துள்ளும். அந்தத் துள்ளலைத் தாங்குவது இஎஸ்சி-யின் முனையில் இருக்கும் மின்தேக்கிகள். அவை சூடேறி உப்பி, கடைசியில் மாஸ்ஃபெட்டையும் கொண்டுபோகும். வேறு வழியே இல்லையென்றால், கூடுதலான ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒரு 220 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், லோ இஎஸ்ஆர் கெபாசிட்டரை இஎஸ்சி பக்கத்திலேயே ஒட்டுங்கள். பிளஸ் மைனஸை இரண்டு தடவை பாருங்கள். உப்பிய தலையுள்ள கெபாசிட்டர் எங்கே கண்டாலும் அந்த இஎஸ்சி-யைப் பறக்க விடக் கூடாது.

33 ஆம்பியருக்கு எக்ஸ்டி60 கனெக்டர் தாராளம். 6எஸ் வந்தால் மாட்டும்போது தீப்பொறி பெரிதாக வரும், அதற்கு ஆன்டி ஸ்பார்க் உள்ள எக்ஸ்டி90 எஸ் வாங்குங்கள். மோட்டார் தலைகீழாகச் சுழன்றால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

காற்று உள்ளே வரும் துளையைவிட வெளியே போகும் துளை பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு மடங்கு என்றால் நல்லது. வெளியே போக வழி இல்லாத மூக்குக்குள் காற்று புகாது. பல ஃபோம் விமானங்களில் பின்பக்கத் துளை இருக்கவே இருக்காது, வால் பக்கமாக அடியில் நீங்களே வெட்டுங்கள். இஎஸ்சி-யின் தகடு உள்ள பக்கம் காற்றைப் பார்க்கட்டும். ஃபோமுக்குள் புதைத்து டேப் சுற்றுவது அதற்குப் போர்வை போர்த்துவதுதான். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் மண், வெயில் காலத்தில் மாவு போல் பறக்கும். மாதம் ஒரு தடவை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

படி 7: செட்டிங்

முதலில் ப்ராப்பைக் கழற்றுங்கள். இந்தப் படி முழுவதும் ப்ராப் இல்லாமல்தான்.

த்ராட்டில் எல்லைகளைப் பழக்குங்கள்: டிரான்ஸ்மிட்டரில் குச்சியை முழுவதும் மேலே வைத்துப் பேட்டரியை மாட்ட வேண்டும், இரண்டு பீப் கேட்டதும் கீழே இறக்க வேண்டும். பெரும்பாலான இஎஸ்சி-களில் இதுதான் முறை, கூட வரும் தாளை ஒருமுறை பாருங்கள். அப்புறம் சிக்னல் அறுந்தால் செயல்படும் ஃபெயில்சேஃபில் மோட்டார் நிற்கும்படி வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள்.

பிரேக்: ஆஃப். கவர்னர்: ஆஃப், அது ஹெலிகாப்டருக்கானது. ஸ்டார்ட்: நார்மல். டைமிங்: மீடியம். ஃப்ரீவீலிங்: ஆன். ரிவர்ஸ் வசதி இருந்தாலும் நன்றாகக் கை பழகும் வரை தொடாதீர்கள்.

லோ வோல்டேஜ் கட்டாஃப் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. மோட்டாரை ஒரேயடியாக நிறுத்தும் வகை வேண்டாம், மெதுவாகச் சக்தியைக் குறைக்கும் சாஃப்ட் கட் வையுங்கள். தலைகீழாகத் தாழப் பறக்கும்போது மோட்டார் நின்றால் மீட்க உயரமே இருக்காது. உண்மையில் கட்டாஃப் வரை போகவே கூடாது. டிரான்ஸ்மிட்டர் டைமரை முதலில் நான்கு நிமிடத்துக்கு வைத்து, இறங்கியபின் செல்லுக்கு 3.75 வோல்ட் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றில், கஞ்சிக்கோடு காற்றாலைகள் ஓயாமல் சுழலும் நாட்களில், எதிர்க்காற்றில் நிற்கவே த்ராட்டில் கூடுதலாக வேண்டும். அந்த மாதங்களில் டைமரில் அரை நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: தரையில் ஒரு சோதனை, வானில் ஒரு சோதனை

இப்போது ப்ராப்பை மாட்டி, விமானத்தை ஒருவர் இறுகப் பிடிக்க, ஐட்லிலிருந்து முழு த்ராட்டிலுக்குச் சட்டென்று நான்கைந்து தடவை தள்ளுங்கள். மோட்டார் கீச்சென்று கத்தினாலோ திக்கினாலோ, இஎஸ்சி மோட்டாரின் சுழற்சியைத் தவறவிடுகிறது என்று பொருள். டைமிங்கை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். போகவில்லை என்றால் புல்லட் கனெக்டரின் ஈய ஒட்டைப் பாருங்கள், மூன்றில் ஒன்று சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். இந்தச் சத்தம் முற்றிலும் போகும்வரை பறக்க விடாதீர்கள். ஹோவரிலிருந்து மேலே தப்பிக்க நாம் செய்வது சரியாக இதே சட்டென்ற தள்ளல்தான்.

வயலுக்குக் கிளம்பும் முன், எங்கே பறக்க விடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகள் மத்திய அரசுடையவை, மாநில எல்லையைத் தாண்டுவதால் எதுவும் மாறாது. கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருப்பதால் எந்த வயல் எந்த மண்டலத்தில் வருகிறது என்பது முக்கியம்.

முதல் பறத்தலில் இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பறந்து, பாதுகாப்பான உயரத்தில் ஒரு நிமிடம் ஹோவர் செய்து, உடனே இறக்குங்கள். கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டுக்கும் வந்த நெற்றிச் சூட்டுக்கான வெப்பமானி இதற்கு உதவாது, அது 42, 43 டிகிரிக்கு மேல் காட்டாது. தொழிற்சாலை வகை இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கி, இஎஸ்சி தகட்டின் மேல் பிடியுங்கள். 60 டிகிரிக்குக் கீழே என்றால் நிம்மதி. 70-ஐத் தாண்டினால் காற்றுத் துளையைப் பெரிதாக்குங்கள். 80-ஐத் தாண்டினால் ப்ராப்பை மாற்றுங்கள் அல்லது பெரிய இஎஸ்சி போடுங்கள், அப்படியே தொடர வேண்டாம்.

டிசம்பரில் தேறிய விமானத்தை மார்ச்சில் மறுபடி இதே போல் அளக்க வேண்டும். வெளிச்சூடு 15 டிகிரி ஏறினால் இஎஸ்சி-யும் அதே அளவு ஏறும். 60 காட்டியது 75 காட்டும். அப்போது 13 அங்குல ப்ராப்பைக் கழற்றி 12 மாட்டினால் இழுக்கும் சக்தி கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். ஹோவருக்குத் த்ராட்டில் சற்று மேலே வைக்க வேண்டியிருக்கும், ஆனாலும் மே மாதம் முழுக்க அதே இஎஸ்சி-யோடு காலை ஒன்பது மணிக்குள் தாராளமாகப் பறக்கலாம்.